காணாமல் போன ஒரு வாரம்

வினிதாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதலாம் என்று உட்கார்ந்தால், முதல் வார்த்தையே சந்தேகம் என்று வந்து நிற்கிறது. நான் என்ன செய்ய, அவள் அப்படி. ஹோட்டலில் தோசை வந்தால் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பிய்ப்பாள். பஸ்ஸில் கண்டக்டர் கொடுத்த டிக்கெட்டில் தேதி சரியா என்று பார்ப்பாள். மேஜை டிராயரைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, நாலடி நடந்து, திரும்பி வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பாள். பெருமாநல்லூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் சாயப்பட்டறையில் கம்ப்யூட்டர் சமாச்சாரம் முழுவதும் அவள் பொறுப்பு. நான் சண்முகப்பிரியா, அங்கே லேபில் ஷேடு, அதாவது துணிக்கு நிறம் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்கிறவள். அவள் அறைக்கும் என் லேபுக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்புதான், அவள் அறையை ஒட்டிய சர்வர் அறையும் அதன் வழியாகத் தெரியும். ஏழு வருஷமாக அந்தக் கண்ணாடி வழியாக அவள் என்னைச் சந்தேகமாகப் பார்ப்பதும், நான் அவளை எரிச்சலாகப் பார்ப்பதுமாகக் காலம் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் சோமனூரில் தறி ஓட்டும் வீட்டில் பிறந்தவள். அவள் ஒன்பதாவது படிக்கும்போது, நூல் கொடுத்தவர்களின் ஆள் ஒருவன் வந்து, துணி எடை குறைகிறது, நூல் எங்கே போனது என்று அவள் அப்பா முருகவேலை வாசலில் நிற்க வைத்துக் கேட்டிருக்கிறான். அவர் எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்று காட்ட அவரிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. அக்கம்பக்கம் எல்லாம் பார்க்கக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாராம். இதை வினிதா என்னிடம் ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறாள். அதுவும் நான் ஏதோ ஒரு மாற்றத்தை எழுதி வைக்காமல் விட்டதற்குத் திட்டும்போது நடுவில் வந்த பேச்சு. "எழுதி வெக்காதது நடக்காததுக்குச் சமமுங்க்கா," என்றாள். அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது.

எங்கள் ஊரில் கன்டெய்னர் என்றால் பனியன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போவது. வினிதாவின் கன்டெய்னர் வேறு. எந்த லாட்டுத் துணிக்கு எந்தச் சாயம் எவ்வளவு போட வேண்டும் என்கிற ரெசிபிகளை வைத்திருக்கும் மென்பொருள் ஒன்று எங்களிடம் இருக்கிறது. அதை நேராக சர்வரில் ஓட விடாமல், அதற்கு வேண்டியதை எல்லாம் உள்ளேயே வைத்து, சர்வருக்குள் தனியாக ஒரு தடுப்பறை கட்டி அதற்குள் ஓட விட்டிருந்தாள். அந்த அறைக்குத்தான் கன்டெய்னர் என்று பெயர். உள்ளே யார் வந்தார்கள், எந்த எண்ணை மாற்றினார்கள், எத்தனை மணிக்கு மாற்றினார்கள் என்பதெல்லாம் வரி வரியாக ஒரு கோப்பில் விழுந்துகொண்டே இருக்கும். அதுதான் லாக். வினிதாவுக்குச் சோறு தண்ணி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, லாக் இருக்க வேண்டும்.

தீபாவளி முடிந்து வந்த ஒரு சனிக்கிழமை, நேவி ப்ளூவில் போக வேண்டிய அறுநூறு கிலோ துணி கத்திரிப்பூ நிறமாக வந்து விழுந்தது. எங்களிடம் வாங்குகிற கம்பெனி, அதாவது பையர், குழந்தைகள் சட்டைக்காகக் கேட்டிருந்த துணி. ரெசிபியைத் திறந்து பார்த்தால் சிவப்புச் சாயத்தின் அளவில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறிக் கிடந்தன. அந்த வாரத்தில் எப்போதோ யாரோ மாற்றியிருக்கிறார்கள். ரெசிபியில் கை வைக்க அனுமதி உள்ளவர்கள் இரண்டே பேர். ஒன்று நான். இன்னொருவர் சாயம் ஏற்றும் வேலைக்கெல்லாம் தலைவரான டையிங் மாஸ்டர் அர்த்தநாரி.

நான் மாற்றவில்லை. அன்றைக்கும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

திங்கட்கிழமை காலை முதலாளி ஆத்தப்பன் எங்கள் எல்லாரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். வினிதா லேப்டாப்பைத் திறந்து லாக்கை எடுத்தாள். லாக் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு ஐம்பத்திரண்டுக்கு ஆரம்பித்தது. அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஒரு வாரம் முழுவதும் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"போன வாரம் முழுக்கக் காணோமுங்க," என்றாள்.

"காணோம்னா? எங்கம்மா போகும்?" என்றார் முதலாளி.

"தானா எங்கயும் போகாதுங்க. யாரோ அழிச்சிருக்கோணும்."

சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. தப்புச் செய்யாதவளுக்கு எதற்கு வேர்க்க வேண்டும் என்று அவள் யோசித்திருப்பாள். நானே யோசித்தேன்.

அன்று பகல் முழுவதும் அவள் எழுந்திருக்கவே இல்லை. சர்வரில் இடம் நிரம்பிவிட்டதா என்று பார்த்தாள், நிரம்பவில்லை. கோப்பு ஓர் அளவுக்கு மேல் பெருத்தால் பழையதைத் தள்ளிவிடும் ஏற்பாடு ஒன்று உண்டாம், அதையும் பார்த்தாள். எங்கள் கோப்பு அந்த அளவில் பாதியைக்கூடத் தொட்டதில்லை. வெளியிலிருந்து யாராவது நுழைந்தார்களா என்று பார்த்தாள், அதற்கும் தடயம் இல்லை. கடைசியில் சர்வர் அறை வாசலைப் பார்த்தபடி இருந்த கேமராவில் போய் நின்றாள். வெள்ளிக்கிழமை நாலு நாற்பத்தொன்றுக்கு அர்த்தநாரி மாஸ்டர் சர்வர் அறைக்குள் தட்டோடு நுழைகிறார். நாலு ஐம்பத்தைந்துக்கு வெளியே வருகிறார். அதற்கு இடையில்தான் அந்த நாலு ஐம்பத்திரண்டு இருக்கிறது.

இந்தத் தட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் பட்டறையில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூஜை. மெஷின்களை நிறுத்தி, துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, கற்பூரம் காட்டி, மறுபடி புதிதாக ஓட்ட வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. பாதி லாட்டில் சாயம் ஓடிக்கொண்டிருக்கும் மெஷினுக்கு மட்டும் விலக்கு உண்டு. சர்வர் வந்த புதிதில் அதுவும் மெஷின்தானே என்று முதலாளி கேட்டார். அதற்கு விலக்குக் கேட்க யாருக்கும் காரணம் தோன்றவில்லை. அதனால் சர்வருக்கும் வாராவாரம் பொட்டு உண்டு. அந்தப் பூஜையைச் செய்கிறவர் அர்த்தநாரி. முருக பக்தர், வெள்ளிக்கிழமை விரதம் வேறு. ஆனால் கம்ப்யூட்டர் என்றால் அவருக்குக் கை நடுங்கும். அதற்காக வினிதாவே திரையில் ஒரு பட்டன் செய்து, அதற்குப் பூஜை என்று பெயரும் போட்டுக் கொடுத்திருந்தாள். அமுக்கினால் மென்பொருள் நிற்கும். கற்பூரம் காட்டிவிட்டு இன்னொரு முறை அமுக்கினால் ஓடும்.

"பூஜை பட்டனைத்தானுங்க அமுக்குனேன். எப்பவும் அமுக்கறதுதானுங்க," என்றார் மாஸ்டர்.

"அந்தப் பட்டன் நிறுத்தி ஓட்ட மட்டுந்தானுங்க மாஸ்டர். அது எதையும் அழிக்காது. நான் எழுதுனது, எனக்குத் தெரியாதுங்களா?" என்றாள் வினிதா.

உலகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் திறந்து பார்த்தவள் அந்தப் பட்டனை மட்டும் திறந்து பார்க்கவில்லை. தான் எழுதியது என்பதால் பார்க்கவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் இதில்தான்.

முதலாளி கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் அவருக்கு ஒரு யோசனை வந்துவிட்டால் அதிலிருந்து இறங்க மாட்டார். "ரெசிபிய மாத்தாத மனுசன் எதுக்குங்க லாக்க அழிக்கோணும்?" என்று கேட்டார். அழித்தது மாஸ்டர் என்றால் மாற்றியதும் மாஸ்டர்தான் என்று அவருக்குத் தீர்ந்துவிட்டது. புதன்கிழமை மாஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டு, "பையர் கேக்கறாங்க மாஸ்டர், கொஞ்ச நாளைக்கு ஊட்ல இருங்க," என்றார். இருபத்திரண்டு வருஷம் அந்தப் பட்டறையில் வேலை பார்த்தவர். திருடன் என்று யாரும் சொல்லவில்லை, பொய்யன் என்று யாரும் சொல்லவில்லை. எல்லாரும் ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார்கள். அதுதான் இன்னும் மோசம்.

கிளம்புவதற்கு முன்னால் அவர் லேபுக்கு வந்தார்.

"ஏன் அம்மணி, அன்னைக்கு நீ இங்கதான இருந்த? கண்ணாடி வழியாப் பாத்திருப்பியே. நான் வேற எதையாச்சும் அமுக்குனனா?"

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பொட்டு வைத்தார், பட்டனை அமுக்கினார், கற்பூரம் காட்டினார், மறுபடி அமுக்கினார். வேறு ஒன்றும் செய்யவில்லை. ஆனால் பார்த்தேன் என்று சொன்னால், கண் எடுக்காமல் பார்த்தீர்களா, நடுவில் திரும்பவே இல்லையா, உங்களுக்கு இதில் என்ன அக்கறை என்று வினிதா குடைவாள். பதில் சொல்லச் சொல்ல நான் மாட்டிக்கொள்வேன்.

"நான் கவனிக்கலீங்க மாஸ்டர்," என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். என் மேல் பாதி இருந்த சந்தேகம் மொத்தமும் அவர் மேல் போய்விட்டதில் எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. நிம்மதி கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் பட்டறையே வினிதாவாக மாறிவிட்டது. ஆளாளுக்கு மேஜையைப் பூட்டினார்கள். என் பாஸ்வேர்டை மூன்று முறை மாற்ற வைத்தாள். சர்வர் அறையில் இன்னொரு கேமரா வந்தது, அது என் முதுகைப் பார்த்தபடி இருந்தது. மத்தியானச் சாப்பாட்டையும் அவள் சர்வர் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். நான் மாஸ்டருக்குப் போன் செய்யலாமா என்று நினைப்பேன், நாம் பேசினால் கூட்டு என்று நினைப்பார்களோ என்று விட்டுவிடுவேன். பீகாரிலிருந்து வந்து வேலை செய்கிறவர்கள்கூட மாஸ்டர்ஜி எங்கே என்று இரண்டு நாள் கேட்டுவிட்டு, எங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

மற்ற மெஷின்களுக்கு ஃபிட்டர் திருமூர்த்தி பூஜை செய்தார். சர்வர் அறைக்குள் போக அவர் மாட்டேன் என்றார். "எனக்கெதுக்குங்க வம்பு?" என்றார். மூன்று வெள்ளிக்கிழமை சர்வருக்குப் பொட்டு இல்லை. நாலாவது வெள்ளி முதலாளி அதைக் கவனித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் தட்டை எடுத்துக்கொண்டு போனேன். சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன், பட்டனை அமுக்கினேன், கற்பூரம் காட்டினேன், திரும்ப அமுக்கினேன். வெளியே வந்து பொரி வாங்கித் தின்றேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூணே கால் மணிக்கு வினிதா என் லேபுக்குள் வந்தாள். தடுப்பைத் தாண்டி அவள் உள்ளே வருவதே அபூர்வம். கதவைச் சாத்தினாள்.

"வெள்ளிக்கெழம சர்வர் ரூம்ல என்னுங்க்கா பண்ணுனீங்க?"

"பூஜை பண்ணுனேன்."

"அப்பறம்?"

"பொரி தின்னேன்."

அவள் சிரிக்கவில்லை. நாலு வாரமாகச் சேர்ந்திருந்த லாக்கை வியாழக்கிழமைகூடத் தான் கண்ணால் பார்த்ததாகவும், இப்போது அது வெள்ளிக்கிழமை நாலு நாற்பத்தெட்டுக்குத்தான் ஆரம்பிக்கிறது என்றும் சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாஸ்டர் வீட்டில் இருக்கிறார். மிச்சம் நான்தான். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"வா," என்றேன். "நான் என்ன பண்ணுனேனோ அதையே உன்ற முன்னால பண்ணிக் காட்டறேன். கேமராலயும் பாத்துக்க."

சர்வர் அறைக்குப் போனோம். நான் பட்டனை அமுக்கினேன். இன்னொரு முறை அமுக்கினேன். வினிதா லாக்கைத் திறந்தாள். லாக் மூணு இருபத்தொன்றுக்கு ஆரம்பித்தது. நாலு நாள் லாக் எங்கள் இருவர் கண் முன்னால் போயிருந்தது.

அவள் அந்தப் பட்டனுக்குப் பின்னால் தான் எழுதி வைத்திருந்ததைத் திறந்தாள். நாலே வரி. ஸ்டாப் என்று இருக்க வேண்டிய இடத்தில் டவுன் என்று இருந்தது.

எனக்குப் புரியவில்லை, கேட்டேன். பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள். ஸ்டாப் என்றால் கன்டெய்னர் சும்மா நிற்கும், மறுபடி கிளப்பினால் அதே கன்டெய்னர், அதே லாக். டவுன் என்றால் நிற்பது மட்டும் இல்லை, கன்டெய்னரையே கலைத்துவிடும். கலைத்ததோடு அதன் லாக்கும் போகும். மறுபடி கிளப்பினால் வருவது புதுக் கன்டெய்னர், அதற்கு லாக்கும் புதிது. ரெசிபிகள் கன்டெய்னருக்கு வெளியே தனி இடத்தில் இருப்பதால் அவற்றுக்கு ஒன்றும் ஆவதில்லை. அதனால் இரண்டு வருஷமாக வாராவாரம் லாக் அழிந்துகொண்டே இருந்தும் ஒருவரும் கவனிக்கவில்லை. போன வாரத்து லாக்கைத் தேட வேண்டிய தேவை அதுவரை யாருக்கும் வந்ததில்லை.

"ஏன் டவுன்னு போட்ட?"

அவள் யோசித்து யோசித்துச் சொன்னாள். முதல் வெள்ளிக்கிழமை ஸ்டாப்தான் போட்டிருந்தாளாம். பூஜை முடிந்து ஓட்டினால் மென்பொருள் திணறி நின்றுவிட்டது. நாற்பது நிமிஷம் எந்த லாட்டும் ஏற்ற முடியவில்லை. கற்பூரம் காட்டின கையோடு நின்றுபோனதே என்று முதலாளி எல்லார் முன்னாலும் முகம் சுளித்தார். அது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. அடுத்த வெள்ளிக்குள் எதையாவது செய்ய வேண்டும் என்ற அவசரத்தில் ஒரு வார்த்தையை மாற்றியிருக்கிறாள். எல்லாம் புதிதாகக் கிளம்பி ஜம்மென்று ஓடியது. முதலாளிக்குச் சந்தோஷம். அவளும் அதை மறந்துபோனாள்.

"எனக்கே மறந்துபோச்சுங்க்கா," என்று மறுபடி மறுபடி சொன்னாள். அவள் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கு அவள் மேல் பாவமும் வந்தது, பளாரென்று ஒன்று வைக்க வேண்டும் போலவும் இருந்தது.

இரண்டு பேருமாக முதலாளியிடம் போனோம். அவள் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

"அப்ப ரெசிபிய மாஸ்டர் மாத்தலீன்னு ஆயிருமா?" என்று கேட்டார்.

"அதும் தெரியாதுங்க. யாரு மாத்துனாங்கன்னு இனி எப்பவுமே தெரியாதுங்க. ஆனா லாக்க அவரு அழிக்கலீங்க. அவரச் சந்தேகப்பட நம்மகிட்ட இருந்தது அது ஒண்ணுதானுங்க."

"சரி, கொஞ்சம் பொறு. பையருக்கு மாஸ்டர் பேரச் சொல்லி எழுதியாச்சு. இப்பப் போயி மாத்திச் சொன்னா நம்மள ஒரு மனுசனா மதிக்க மாட்டாங்க. அவிய ஆளுக வந்து பாத்துட்டுப் போகட்டும். அதுவரைக்கும் ரெண்டு பேரும் வெளிய மூச்சு உடாதீங்க."

நாங்கள் மூச்சு விடவில்லை. வினிதா பட்டனைத் திருத்தினாள். லாக் கன்டெய்னருக்கு உள்ளே இல்லாமல் வெளியே தனியாகச் சேரும்படி செய்தாள். யார் அமுக்கினாலும் அழியாது என்று பத்து முறை அமுக்கிப் பார்த்தாள். இதையெல்லாம் அன்று சாயங்காலத்துக்குள் செய்து முடித்தாள். அதற்கு மேல் இரண்டு பேரும் வேலையைப் பார்த்தோம். மாஸ்டருக்குச் சம்பளம் போய்க்கொண்டுதானே இருக்கிறது, வீட்டில் ஓய்வாகத்தானே இருக்கிறார் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவளும் அப்படி ஏதோ சொல்லிக்கொண்டிருந்திருப்பாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதை விட்டுவிட்டோம்.

ஒன்பதாவது நாள், வியாழக்கிழமை, பையரின் ஆட்கள் வருவதற்கு முன் நிரப்ப வேண்டிய படிவம் வந்தது. தவறு என்ன, காரணம் என்ன, காரணமானவர் யார், என்ன நடவடிக்கை. காரணம் என்ற இடத்தில் ஊழியர் பதிவுகளை அழித்தார் என்றும், பக்கத்தில் அர்த்தநாரி என்றும் ஆபீஸில் ஏற்கெனவே அடித்து வைத்திருந்தார்கள். கீழே கம்ப்யூட்டர் பொறுப்பாளர் கையெழுத்து. வினிதா பேனாவை எடுத்தாள். கையெழுத்துப் போடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் அர்த்தநாரி என்ற பெயரை அடித்துவிட்டு, மேலே வினிதா என்று எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டாள். முதலாளி மேஜையில் கொண்டுபோய் வைத்தாள்.

அவர் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உன்ற பேர நீயே எழுதிக்கிட்டா நான் என்னம்மா பண்ணட்டும்?"

"மாஸ்டரக் கூட்டிட்டு வாரேனுங்க."

அவர் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. வெளியே வந்து, "உங்களுக்கு அவிய ஊடு தெரியுமுங்களாக்கா?" என்று என்னிடம் கேட்டாள். என் ஸ்கூட்டரிலேயே போனோம். மாஸ்டர் வீடு திருமுருகன்பூண்டியில் இருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவள் என் தோளைப் பிடித்த பிடியில் விரல் பதிந்துவிட்டது. மாஸ்டர் நன்றாகத் திட்டட்டும், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று இறங்கும்போது சொன்னாள்.

மாஸ்டரின் மனைவி சாரதாமணி கதவைத் திறந்தார். முன்னறையில் மாஸ்டர் ஒரு நாற்பது பக்க நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அவரைவிட இருபது வயது சின்னவர்கள் நாங்கள், எழுந்து நின்றார். உடம்பு பாதியாகியிருந்தது.

"வாங்க கண்ணு, வாங்க. உக்காருங்க."

நோட்டு திறந்தபடியே ஸ்டூலில் கிடந்தது. எட்டிப் பார்த்தேன். ஆறே கால், கேஸ் மூடினேன். ஏழு மணி, மாத்திரை போட்டேன். எட்டு பத்து, மோட்டார் நிறுத்தினேன். பக்கம் முழுக்க அப்படியே இருந்தது.

வினிதா உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள்.

"மாஸ்டர், நீங்க எதையும் அழிக்கலீங்க. அந்தப் பூஜை பட்டன அமுக்குனா லாக் போயிர்ற மாதிரி நான் எழுதி வெச்சிருந்தேனுங்க. ரெண்டு வருசமா வாராவாரம் போயிட்டு இருந்திருக்குதுங்க. நான் பாக்காம உங்க மேல பழி போட்டுட்டேன். தப்பு என்னுதுங்க."

மாஸ்டருக்கு முதலில் பிடிபடவில்லை. அவள் இன்னொரு முறை சொன்னாள்.

"அப்ப நான் மறக்கலீங்களா கண்ணு?" என்று கேட்டார்.

நாங்கள் இருவரும் விழித்தோம்.

"எங்கப்பனுக்கு அறுவது வயசுலயே மறதி வந்துருச்சுங்க. சொந்த ஊட்டுக்கு வழி கேட்டுட்டு பஸ் ஸ்டாண்டுல நிப்பாங்க. நான் அழிக்கலீன்னு எனக்குத் தெரியும். ஆனா கம்ப்யூட்டரு அழிச்சிருக்குதுங்குது, கேமரால நான்தான் உள்ள இருக்கறன், நீங்க படிச்ச புள்ள, நீங்களும் சொல்றீங்க. அப்ப அழிச்சுப்போட்டு மறந்துட்டனாட்ட இருக்குது, எங்கப்பனுக்கு வந்தது எனக்கும் வந்துருச்சாட்டன்னு நெனச்சுட்டேனுங்க."

நான் கண்ணாடி வழியாகப் பார்த்ததைச் சொல்லியிருந்தால் இந்த மனுஷன் இந்த நோட்டை வாங்கியிருக்க மாட்டார்.

"நீங்க எதையுமே மறக்கலீங்க மாஸ்டர்," என்றாள் வினிதா. "மறந்தது நானுங்க. ஆனா ரெசிபிய யாரு மாத்துனாங்கன்னு மட்டும் இனி கண்டுபுடிக்க முடியாதுங்க. அதையும் சொல்லிர்றேன்."

"அது கெடக்குதுங்க கண்ணு. நான் மாத்தல. அது எனக்கு நல்லாத் தெரியும்."

அதைச் சொல்லும்போது அவர் முகம் தெளிந்துவிட்டது. திட்டவில்லை, ஒரு சுடுசொல் இல்லை. உள்பக்கம் திரும்பி, "சாரதா, நாளைக்குக் கோயமுத்தூரு போக வேண்டியதில்ல. ஸ்கேன் எடுக்க வரலீன்னு ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிச் சொல்லீரு. எனக்கு ஒண்ணும் இல்லையாமா," என்றார். சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

சாரதாமணி போனை எடுக்கவில்லை. அவர் வினிதாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத எப்பக் கண்டுபுடிச்சீங்க?"

வினிதா பொய் சொல்லியிருக்கலாம். இன்றைக்குக் காலையில் என்று சொல்லியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

"போன வாரம் செவ்வாக்கெழமைங்க," என்றாள்.

சாரதாமணி வெளியே வாசல் பக்கம் பார்த்தார். அங்கே மொபெட் நிற்கிற இடம் காலியாக இருந்தது, தரையில் எண்ணெய்க் கறை மட்டும் கிடந்தது.

"அதுக்கு அடுத்த நாள் புதங்கெழமதானுங்க அவிய வண்டிய வித்தாங்க. வழி மறந்து எங்கியாச்சும் போயிருவேன், யாரு மேலயாச்சும் ஏத்திருவேன்னு அழுதுட்டே வித்தாங்க. செவ்வாக்கெழம ஒரு போன் பண்ணியிருக்கலாமுங்களே."

"உடு சாரதா," என்றார் மாஸ்டர், துண்டை எடுக்காமலே.

சாரதாமணியின் பார்வை வினிதாவை விட்டு என் பக்கம் வந்தது. நீயும் இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாயா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் செவ்வாய்க்கிழமையே தெரியும் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும்.